எந்தப் பூஜ்யம்?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் நாதஸ்வரக் கச்சேரி. பதிவு செய்யப் போயிருந்தேன். மைக்செட்காரரின் பழைய அனலாக் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து என் டிஜிட்டல் ரெக்கார்டரில் செருகி, கைபேசியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டேன். மிக்ஸரில் ஊசி சரியாக 0-வில் வந்து நின்றது. ரெக்கார்டரின் திரையோ -20 என்றது. கூட வந்த பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணே, ஒயர்ல எங்கேயோ 20 டெசிபெல் ஒழுகுது.”

அவனுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் யாரோ காபிக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வந்தபோது தவில் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பையன் ரெக்கார்டரின் கெயினை 20 டெசிபெல் ஏற்றி, இரண்டு மீட்டரையும் ஒரே எண்ணில் கொண்டுவந்து வைத்திருந்தான். திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு அடியும் தகரத்தைக் கிழித்த மாதிரி பதிவாகியிருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியவில்லை.

ஒயரில் எதுவும் ஒழுகவில்லை. மிக்ஸரின் 0 ஒரு பூஜ்யம், ரெக்கார்டரின் 0 வேறொரு பூஜ்யம், அவ்வளவுதான். டிஜிட்டல் ஒலிக்கருவிகளோடு வரும் விவரத்தாள்களைப் பல வருஷமாகப் புரட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் உள்ள குழப்பத்தில் பாதிக்கு மேல் இந்த வகைதான். எண் அச்சாகியிருக்கும். அது எதிலிருந்து எண்ணப்பட்டது என்பதை மட்டும் விட்டிருப்பார்கள்.

சங்கீதம் கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. பஞ்சமம் என்று சொன்னால் மட்டும் எந்தச் சத்தமும் காதில் விழாது. ஆதார ஷட்ஜம் எந்தக் கட்டை என்று தெரிந்தால்தான் பஞ்சமம் எங்கே இருக்கிறது என்று தெரியும். டெசிபெல்லும் அப்படித்தான். அது ஓர் அளவே அல்ல, இரண்டு அளவுகளுக்கு நடுவிலுள்ள விகிதம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் ஸ்ருதி சொல்லாமல் ஸ்வரம் சொன்ன கதை. அதனால்தான் டெசிபெல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகள் முக்கியம். டிபியூ என்றால் 0.775 வோல்ட்டிலிருந்து எண்ணுகிறார்கள். டிபிவி என்றால் 1 வோல்ட்டிலிருந்து. டிபிஎஃப்எஸ் என்றால் வோல்ட்டே கிடையாது. அந்தக் கருவி எழுதக்கூடிய ஆகப்பெரிய எண்ணிலிருந்து கீழே எண்ணுகிறார்கள்.

0.775 என்ற அரைகுறை எண் எங்கிருந்து வந்தது? தொலைபேசிக் கம்பியிலிருந்து. 600 ஓம் தடையில் 1 மில்லிவாட் செலவாக வேண்டுமானால் அதற்கு 0.775 வோல்ட் வேண்டும். 600 ஓம் கம்பிகளும் அவற்றை அளந்தவர்களும் போய்ப் பல காலம் ஆயிற்று. எண் மட்டும் இன்றைய மிக்ஸரின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டூடியோக் கருவிகளின் வழக்கமான அளவு +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளுடையது -10 டிபிவி, 0.316 வோல்ட். பார்த்தால் 14 டெசிபெல் வித்தியாசம் போலத் தெரியும். பூஜ்யங்கள் வேறாக இருப்பதால் உண்மையான வித்தியாசம் 11.8 தான்.

மண்டபத்துக்கு வருவோம். மிக்ஸரின் ஊசி 0 காட்டியபோது ஒயரில் ஓடியது +4 டிபியூ. என் ரெக்கார்டர் அமெரிக்க வழக்கப்படி அமைந்தது: ஒயரில் +24 டிபியூ வந்தால்தான் அதற்கு 0 டிபிஎஃப்எஸ். 24-லிருந்து 4 போனால் 20. கணக்கு நேராகிவிட்டது. ஐரோப்பிய ஒலிபரப்பு வழக்கத்தில் அந்தக் கூரை +18 டிபியூவில் இருக்கிறது. அங்கே செய்த கருவியாக இருந்திருந்தால் பையன் -14-ஐப் பார்த்திருப்பான், 14 டெசிபெல் ஒழுகுகிறது என்றிருப்பான்.

கூரை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மிக்ஸரின் 0 தரை மாதிரி: அங்கே நின்று பழகலாம், மேலே குதிக்கலாம். ரெக்கார்டரின் 0 கூரை. அதற்கு மேல் எண்ணே கிடையாது, தலை இடிக்கும். போதாக்குறைக்கு, மிக்ஸரின் ஊசி மந்தமானது. வியூ மீட்டர் ஒரு நிலையான ஒலிக்கு ஏறி நிற்க 300 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும்படிதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தவிலின் தொப்பியில் விழும் அடி, ஊசி அசையத் தொடங்குவதற்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். ஊசி காட்டுவது சராசரியை. தலை இடிப்பதோ உச்சம். நடுவில் 20 டெசிபெல் காலியாக விட்டிருப்பது அந்த அடிகளுக்காக. ஹெட்ரூம் என்று அதற்குப் பெயர். பையன் அந்த இடத்தைத்தான் வீணாகக் கிடக்கிறது என்று நினைத்து நிரப்பினான்.

இந்த இடத்தில் தமிழும் கொஞ்சம் சேர்ந்து குழப்புகிறது. கெயின், லெவல், வால்யூம் மூன்றையுமே நாம் ‘சத்தம்’ என்கிறோம். மேடையிலிருந்து “சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துங்க” என்று கேட்டால், மைக்கிலிருந்து உள்ளே வருவதைப் பெருக்குவதா, ஸ்பீக்கருக்குப் போவதை ஏற்றுவதா, பாடகரின் மானிட்டரை மட்டும் கூட்டுவதா? மைக்செட்காரர் குறிப்பறிந்து செய்கிறார். ஒலியளவு என்று ஏட்டுத் தமிழில் எழுதினாலும் தெளிவு கூடுவதில்லை. ஊளை, உறுமல், இரைச்சல், கரகரப்பு என்று கெட்டுப்போன சத்தத்துக்கு நம்மிடம் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. நல்ல சத்தத்தை அளக்கத்தான் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம்.

அடுத்த எண், பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சாகியிருப்பது: சாம்பிளிங் ரேட். 44.1, 48, 96, 192 கிலோஹெர்ட்ஸ். மாதிரி வீதம் என்று பாடநூல்களில் மொழிபெயர்க்கிறார்கள். ‘மாதிரி’ என்றாலே ‘போல’ என்ற வாடை அடிக்கும் மொழியில் இது சரியில்லாத தேர்வு என்பது என் கருத்து. ஒலியைப் ‘போல’ ஒன்றை எடுப்பதாகத் தோன்றிவிடுகிறது. அந்தத் தோற்றத்தைப் படிக்கட்டுப் படங்கள் உறுதிப்படுத்துகின்றன. வழவழப்பான அலை ஒரு பக்கம், அதைப் படிகளாக வெட்டிய அலை மறுபக்கம், படிகளைக் குறுக்கினால் வழவழப்புக் கூடும் என்ற விளக்கம். கருவி விற்பவர்கள் இந்தப் படத்தை விடவே மாட்டார்கள். படம் தப்பு.

ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் தந்திக் கம்பிகளைப் பற்றி எழுதியதையும் கிளாட் ஷானன் 1949-இல் அதை முழுமையாக நிறுவியதையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி வேறு. ஓர் ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புள்ளிகள் எடுத்துவிட்டால், அந்தப் புள்ளிகள் வழியாக அந்த எல்லைக்குள் போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். தோராயமாக அல்ல, துல்லியமாக. ஸ்பீக்கருக்கு வரும்போது படி எதுவும் இருக்காது. வடிகட்டி அதை அலையாகத்தான் வெளியே விடும். மனிதக் காது இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே 40-க்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும். அந்தக் கொஞ்சம், வடிகட்டி வேலைசெய்ய வேண்டிய இடம். எல்லைக்கு மேலே உள்ள ஒலியைத் தடுக்காவிட்டால் அது கீழே மடிந்து, இல்லாத ஸ்வரமாக வந்து உட்காரும். ஏலியாசிங் என்பது அதுதான்: ஒரு ஒலி வேறு பெயரில் உள்ளே நுழைவது.

அப்படியானால் 44.1 என்று ஏன் இத்தனை பொடிக்கணக்கு? 44 என்றோ 45 என்றோ வைத்திருக்கலாமே? இதற்குக் காது காரணமில்லை, வீடியோ டேப் காரணம். 1970-களின் கடைசியில் இத்தனை தகவலை எழுதிவைக்கக்கூடிய மலிவான பொருள் வீடியோ டேப் ஒன்றுதான். ஒலியைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கிப் படம் போல அதில் எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் விநாடிக்கு 60 புலம் (அரைப்படம்), புலத்துக்குப் பயன்படும் கோடு 245, கோட்டுக்கு 3 சாம்பிள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 கோடு, 3 சாம்பிள். பெருக்கினால் அதே 44,100. இரண்டு ஊர் இயந்திரங்களிலும் சரியாக உட்கார்ந்த எண் என்பதால் சோனியும் பிலிப்ஸும் 1982-இல் சந்தைக்குக் கொண்டுவந்த சிடியிலும் அதுவே நிலைத்தது. வீடியோ டேப்பைக் கண்ணால் பார்த்திராதவர்களின் கைபேசியிலும் இன்று அந்த எண் ஓடுகிறது.

48-க்கு வேறு நியாயம். சினிமா விநாடிக்கு 24 பிரேம், தொலைக்காட்சி 25 அல்லது 30. 48,000 இந்த மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். 44,100-ஐ 24-ஆல் வகுத்தால் பிரேமுக்கு 1837 சாம்பிளும் ஒரு அரையும் வரும். அரை சாம்பிளை யாரும் வெட்டி ஒட்ட முடியாது. படத்தோடு ஓட வேண்டிய ஒலிக்கெல்லாம் 48 என்று வழக்கமானது இதனால்தான். இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பது காதுக்கே தெரியும். 44.1-இல் பதிந்த கோப்பை 48 என்று எண்ணி ஒரு கருவி ஓட்டினால், ஒன்றரைக் கட்டையில் பாடியது இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத இடத்தில் கேட்கும். ஐந்து நிமிஷப் பாட்டு 24 விநாடி முன்னதாக முடியும்.

96-ம் 192-ம் வீண் என்று சொல்ல வரவில்லை. வடிகட்டிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும், ஒலியை இழுத்து மெதுவாக்கும் வேலைகளுக்கு உதவும், தாமதம் குறையும். கோப்பு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு கனமாகும். கச்சேரிப் பதிவுக்கு நான் 48-ஐத் தாண்டுவதில்லை. இன்னொன்று: இன்றைய மாற்றிகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் மெகாஹெர்ட்ஸ் கணக்கில், மிகக் குறைந்த பிட்டுகளில் சாம்பிள் எடுத்து, பிறகுதான் 48-க்கோ 96-க்கோ சுருக்கித் தருகின்றன. முகப்பில் எழுதியிருப்பது வாசலில் கொடுக்கப்படும் எண். அடுக்களையில் நடப்பது வேறு.

பிட் என்ற சொல்லும் இரட்டை வேஷக்காரன். எம்பி3-இல் 320 என்பது விநாடிக்கு எத்தனை ஆயிரம் பிட் செலவு என்ற கணக்கு. சிடியில் அதே கணக்கு 1411. ரெக்கார்டரில் 24 பிட் என்பது ஒவ்வொரு சாம்பிளையும் எத்தனை இலக்கத்தில் எழுதுகிறோம் என்பது. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் 16 பிட்டுக்கு 96, 24-க்கு 144. இது கூரைக்கும் அடித்தள இரைச்சலுக்கும் நடுவிலுள்ள தூரம். பிட்டைக் கூட்டினால் ஒலி ‘நுணுக்கமாகும்’ என்பார்கள். இரைச்சல் இறங்கும், அவ்வளவே. 24-லிருந்து 16-க்கு இறக்கும்போது வேண்டுமென்றே துளி இரைச்சலைத் தூவுவது உண்டு, டிதர் என்று. நல்ல ஒலியில் இரைச்சலைக் கலப்பதா என்று கேட்டால், ஆமாம். கலக்காவிட்டால் மெல்லிய தம்பூரா நாதம் மறையும் இடத்தில் வெட்டுவெட்டாகக் கரகரக்கும். கலந்தால் சீரான மெல்லிய இரைச்சலுக்குள் வழுக்கிக்கொண்டு மறையும். காது இரண்டாவதை மன்னிக்கிறது.

144 டெசிபெல் என்பதும் தாளில்தான். மிக நல்ல மாற்றிகள் தருவது 120-ஐ ஒட்டித்தான், சில அதற்குச் சற்று மேலே. அதாவது 20 பிட் சொச்சம். மிச்ச பிட்டுகள் இரைச்சலைச் சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருக்கின்றன. இதைப் பொறியாளரின் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். 150 ஓம் மைக் ஒன்று, எதனோடும் இணைக்காமல் சும்மா இருந்தாலே, அதன் உலோகத்திலுள்ள வெப்பத்தால் -131 டிபியூ இரைச்சலைத் தரும். மைக் பிரீஆம்ப்பின் விவரத்தாளில் உள்ளீட்டு இரைச்சலைச் சொல்லும் இஐஎன் -128 என்று பார்த்தால், இயற்கை விதித்த எல்லைக்கும் அதற்கும் 3 டெசிபெல்தான் பாக்கி என்று படிக்க வேண்டும். யாராவது -135 என்று அச்சடித்திருந்தால் எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். உள்ளீட்டை ஷார்ட் செய்து அளந்திருப்பார்கள், அல்லது ஏ-வெயிட்டிங் என்ற சலுகையைச் சேர்த்திருப்பார்கள். அந்தச் சலுகை ஒன்றே இரண்டு மூன்று டெசிபெல் அழகைக் கூட்டும். வெப்ப இரைச்சலின் இந்தக் கணக்கைப் போட்டவரும் அதே நைக்விஸ்ட்தான், அதே 1928-இல். சாம்பிளிங் ரேட்டின் எல்லையும் பிட்டின் எல்லையும் ஒரே மனிதரின் மேசையிலிருந்து ஒரே வருஷத்தில் புறப்பட்டிருக்கின்றன.

இப்போது 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் வந்துவிட்டன. 1528 டெசிபெல் என்று ஓர் எண்ணைக் காட்டுகிறார்கள். கணித ரீதியில் சரி. உலகத்தில் அத்தனை சத்தம் கிடையாது. இவற்றில் பலவற்றுள் நடப்பது, ஒரே மைக்குக்கு வெவ்வேறு கெயினில் இரண்டு மாற்றிகளை ஓட்டி, மெல்லிய ஒலிக்கு ஒன்றையும் பெரிய ஒலிக்கு ஒன்றையும் எடுத்துக் கோப்பது. என் தவில் பத்து நிமிஷம் அப்படிப்பட்ட பெட்டியில் தப்பியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். பிறகு ஞாபகம் வரும்: மைக்கோ அந்தப் பழைய மிக்ஸரோ தானே கிழிந்தால் ஃப்ளோட் அந்தக் கிழிசலை மிகத் துல்லியமாகப் பதிவு செய்யும்.

வாங்கும்போது யாரும் கேட்காத, வாங்கிய பிறகு எல்லோரையும் அழவைக்கும் சொல் ஒன்று உண்டு: கிளாக். சில வருஷம் முன்பு ஒரு சிறிய ஸ்டூடியோவில் வீணைப் பதிவு. டிஜிட்டல் மிக்ஸரிலிருந்து ஆப்டிகல் ஒயர் கணினிப் பக்கத்து இன்டர்ஃபேஸுக்குப் போகிறது. நான்கு விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’. ஒயரை மாற்றினோம், பிளக்கைத் துடைத்தோம், பிரிட்ஜை அணைத்தோம். வைணிகர் பொறுமையாக, “அது தாளத்தில் வரவில்லை, அதுதான் கஷ்டம்” என்றார். இரண்டு கருவிகளும் ‘இன்டர்னல்’ கிளாக்கில் இருந்தன என்பதைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆனது.

இரண்டிலும் 48,000 என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் கிளாக்கை ஓட்டும் எந்தப் படிகமும் இன்னொரு படிகத்தைப் போலத் துடிக்காது. பத்து லட்சத்தில் ஐந்து பங்கு வித்தியாசம் என்றால்கூட விநாடிக்குக் கால் சாம்பிள் முந்தும். நான்கு விநாடியில் ஒரு சாம்பிள் மிஞ்சும் அல்லது குறையும். அந்த இடத்தில்தான் டிக். இரண்டு ஜால்ராக்காரர்கள் தனித்தனியாக எண்ணிக்கொண்டு போட்டால் பஜனை என்ன ஆகுமோ அதுதான். ஒருவர் போட, மற்றவர் கேட்டுப் போட வேண்டும். மாஸ்டர், ஸ்லேவ் என்று எழுதியிருந்ததைச் சில நிறுவனங்கள் இப்போது லீடர், ஃபாலோயர் என்று மாற்றியிருக்கின்றன. இந்தத் தொழிலில் பெயர் மாற்றிப் பொருள் தெளிவான அபூர்வ இடம். வேர்டு கிளாக் என்ற தனி ஒயர், நாடியை மட்டும் சுமக்கும் ஒயர். ஜிட்டர் என்பது அந்த நாடியின் நடுக்கம். நல்ல கருவிகள் தம் உள்ளிருக்கும் சுற்றால் அதை அமைதிப்படுத்திக்கொள்கின்றன. எனவே விலையுயர்ந்த வெளிக் கிளாக் பெட்டி வாங்கினால் ஒலி தெளிவாகும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. பல கருவிகள் ஒன்றாக நடக்க அது உதவும். ஒற்றைக் கருவிக்கு அதன் சொந்தப் படிகமே பெரும்பாலும் நல்லது.

ஒயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. துளை பொருந்துகிறது என்பதால் மொழி பொருந்தும் என்றில்லை. நம் ஊரில் கேனன் என்று சொல்லும் எக்ஸ்எல்ஆர் பிளக்கில் மைக்கும் வரும், ஏஇஎஸ்3 டிஜிட்டல் ஒலியும் வரும். டிஜிட்டலுக்கு 110 ஓம் ஒயர் வேண்டும். சாதாரண மைக் ஒயரில் கொஞ்ச தூரம் ஓடி, நீளம் கூடியதும் சொல்லாமல் நின்றுவிடும். ஆப்டிகல் துளை ஒன்றே, அதில் இரண்டு சானல் ஸ்பிடிஃபும் போகும், எட்டு சானல் ஏடாட்டும் போகும். 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்த எட்டு நான்காகிவிடும், இது விவரத்தாளில் அடிக்குறிப்பில்தான் இருக்கும். பிஎன்சி பிளக்கில் வேர்டு கிளாக்கும் வரும், 64 சானல் மேடியும் வரும். இணைய ஒயரைப் பார்த்தால் டான்டே என்று நினைக்கிறோம். அது ஏஇஎஸ்50 ஆக இருந்தால் சுவிட்சில் செருகி உபயோகமில்லை, நேராகத்தான் போட வேண்டும்.

தாமதத்தை அளக்க எளிய வழி, அதைத் தூரமாக மாற்றிக்கொள்வது. ஒலி 1 மில்லிவிநாடியில் 34 சென்டிமீட்டர் போகும். கணினியில் பஃபர் 256 என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிவிநாடி, உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை, மாற்றிகளுக்குக் கொஞ்சம் என்று சேர்த்தால் 12 பக்கம் வரும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்த மிருதங்கத்தைக் கேட்பது போல. வாத்தியக்காரர் சமாளிப்பார். பாடகர் மாட்டார், அவர் குரல் மண்டை எலும்பு வழியாக உடனே வந்துவிடுகிறது, ஹெட்ஃபோனில் பிந்தி வருகிறது, இரண்டும் கலந்து குரல் பொந்துக்குள் போனது போலாகிவிடும். டைரக்ட் மானிட்டரிங் என்ற பொத்தான் கணினியைச் சுற்றாமல் குரலை நேரே காதுக்கு அனுப்புவதற்காகத்தான்.

லஃப்ஸ் பற்றிச் சுருக்கமாக: காது உணரும் உரப்பை அளக்க 2006-இல் வந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முறை. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு -23. ஸ்பாட்டிஃபை -14-க்கு இறக்கிவிடும். எனவே பாட்டைப் பிழிந்து சத்தமாக்கிக் கொடுத்தால் அவர்கள் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். பிழிந்த நஷ்டம் உங்களுடையது. இங்கும் 0 எங்கே என்று தேட வேண்டாம். கூரை டிபிஎஃப்எஸ்ஸின் அதே கூரைதான், அளவுகோல்தான் வேறு.

20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று மொட்டையாக அச்சடித்திருக்கும் வரியை நான் படிப்பதேயில்லை. பக்கத்தில் கூட்டல் கழித்தல் எத்தனை டெசிபெல் என்று இல்லாவிட்டால், எல்லையில் ஒலி வருகிறதா, பெருமூச்சு வருகிறதா என்று சொல்ல முடியாது.

அந்தப் பையன் இப்போது தனியாக வேலைக்குப் போகிறான், சொந்தமாக ரெக்கார்டர் வைத்திருக்கிறான். போன மாதம் அவன் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். மூடியின் உள்பக்கம் வெள்ளை டேப் ஒன்றை ஒட்டி, மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தான்: “அங்கே 0, இங்கே -20. தொடாதே.” அதற்குக் கீழே, வேறு மையில், பின்னால் சேர்த்த இன்னொரு வரி: “யாரோட மிக்ஸர்னு முதல்ல கேளு.”